தங்கியிருத்தல்: எமது பாடல்கள் கற்றுத்தந்த ஒரு சொல்

எமது கல்லூரியின் பழைய மாணவியர் சங்கம் நூறாண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில் வெளிவரும் இம்மலரில், கட்டடங்கள் எழுந்த வரலாற்றையும் அதிபர்களின் பணியையும் விளையாட்டு வெற்றிகளையும் பலர் எழுதியிருப்பார்கள். எனக்குத் தரப்பட்ட பக்கங்களில் நான் எழுத விரும்புவது, காலைப் பிரார்த்தனையில் நாம் பாடிய பாடல்களின் வரலாற்றை. கிறிஸ்தவ வீடுகளிலிருந்து வந்தவர்களும் சைவ வீடுகளிலிருந்து வந்தவர்களும் மண்டபத்தில் ஒரே வரிசையில் நின்று அவற்றைப் பாடினோம். படித்த சூத்திரங்களிற் பல மறந்துபோயின. பாடல்கள் மறக்கவில்லை. ரொறன்ரோவிலோ மெல்பேணிலோ இலண்டனிலோ பழைய மாணவியர் நாலு பேர் கூடினால், ஒருவர் முதலடியை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் புத்தகமின்றிப் பாடி முடிக்கிறார்கள்.

அப்பாடல்களை வரிசையாக நினைத்துப் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி வருவது தெரியும். கடவுளின் அன்பை விட்டால் எனக்கு வேறு துணையில்லை என்பதே அப்பொருள். இதற்கு எமது நாட்டுத் தமிழில் நல்ல சொல் ஒன்று உண்டு: தங்கியிருத்தல். ‘அவர் பிள்ளைகளில் தங்கியிருக்கிறார்’ என்றால் பிள்ளைகளை நம்பி வாழ்கிறார் என்று பொருள். ‘அவள் விடுதியில் தங்கியிருக்கிறாள்’ என்றால் அங்கே குடியிருக்கிறாள் என்று பொருள். வைத்தியசாலையில் இச்சொல் எனக்கு நாளாந்தம் தேவைப்படுகின்றது. குளிக்கவும் உண்ணவும் நடக்கவும் ஒரு நோயாளி பிறரில் எவ்வளவு தங்கியிருக்கிறார் என்று மதிப்பிடுவது எமது வேலையின் ஒரு பகுதி. அங்கே அது எவரும் விரும்பாத சொல். பிறரில் தங்கியிருக்கும் நிலை வந்துவிடக்கூடாது என்பதுதான் முதியவர்கள் என்னிடம் அதிகம் சொல்லும் பயம்.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகின்றது. பெண் பிள்ளைகளைச் சொந்தக் காலில் நிற்கவைத்த கல்லூரிகள், தனித்து நிற்க என்னால் இயலாது என்று ஒவ்வொரு நாளும் அவர்களைப் பாடவைத்தது ஏன்? இதற்கு விடை தேட, அப்பாடல்கள் வந்த வழியைப் பார்க்கவேண்டும்.

தரங்கம்பாடியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு

1706இல் சீகன்பால்க், புளூட்சோ என்ற இரு ஜேர்மன் மிஷனரிமார் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அவர்களோடு ஜேர்மன் நாட்டுப் பாடல்களும் வந்தன. அவர்களுக்குப் பின் வந்த பப்ரிசியஸ் ஐயர், வேதாகமத்தை மொழிபெயர்த்தது போலவே அப்பாடல்களையும் பெருந்தொகையாகத் தமிழாக்கினார். பாமாலை, ஞானப்பாட்டு என்று நாம் அறிந்தவற்றின் தொடக்கம் இதுவே. மெட்டு ஜேர்மன் மெட்டாகவே இருந்தது. தமிழ்ச் சொற்கள் அந்த மெட்டுக்குள் அடங்கவேண்டியிருந்ததால், குறில் நெடிலாக நீளும், நெடில் குறுகும். ஆயினும் அவற்றைப் பாடிய மக்கள் அவற்றைத் தமதாக்கிக்கொண்டார்கள்.

தமிழிசைக்குள் இந்த அன்பைக் கொண்டுவந்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அவர் சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி கற்றவர். அதே ஐயரின் பராமரிப்பில் வளர்ந்த சரபோஜி, பின்னர் தஞ்சாவூரின் மன்னரானார். சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி கிறிஸ்துவைத் தலைவனாகவும் திருச்சபையைத் தலைவியாகவும் கொண்டது. தலைவனின் அன்பின்றி உயிர் தரியாத தலைவி குறவஞ்சி இலக்கியத்துக்குப் பழையவள். கடவுளின் அன்பில் தங்கியிருக்கும் ஆன்மாவைச் சொல்ல அவளையே அவர் எடுத்துக்கொண்டார். எங்கிருந்தோ வந்த சமயமென்று கருதப்பட்ட ஒன்று, இவ்விதமாக, தமிழர் நன்கறிந்த ஏக்கத்தின் குரலிற் பேசத் தொடங்கியது.

யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷன் 1816இல் வந்தது. 1823இல் வட்டுக்கோட்டை செமினரியும் 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தொடங்கப்பட்டன. 1834இல் இங்கிருந்தே மதுரைக்கு மிஷன் சென்றது. அந்த மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வேட் வெப் ஐயரே சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் பலவற்றைச் சேர்த்து 1853இல் நூலாக வெளியிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து போன மிஷன், தஞ்சையின் பாட்டைத் திருச்சபையின் பொதுச் சொத்தாக்கியது.

அதே காலத்தில் மானிப்பாயில் கிறீன் வைத்தியர் தமிழ் இளைஞருக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. ஆங்கிலத்திற் சரளமாகப் பேசுபவர்களும் வலி மிகும்போது ‘அம்மா’ என்றே அழைப்பதை வைத்தியர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். உடம்பின் நோவைத் தாய்மொழியிலேயே கேட்கவேண்டும் என்று கிறீன் கண்டார். உள்ளத்தின் நோவுக்குச் சாஸ்திரியார் அதனைச் செய்தார்.

சரணம் என்ற சொல்

கீர்த்தனையின் அமைப்பை நாம் அறிவோம்: பல்லவி, அனுபல்லவி, சரணங்கள். தமிழில் சரணம் என்றால் பாதம்; சரணம் என்றால் புகலிடம். ஒவ்வொரு சரணமும் புதிதாக ஒரு துன்பத்தையோ நன்றியையோ எடுத்துச் சொல்லி, மீண்டும் பல்லவிக்கு வருகின்றது. எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வர ஓரிடம் இருக்கின்றது.

அடைக்கலம், தஞ்சம், அருள், அடியேன் ஆகிய சொற்கள் எவையும் கிறிஸ்தவர்கள் புதிதாக ஆக்கியவையல்ல. திருவாசகத்தில் அடைக்கலப் பத்து என்றே ஒரு பதிகம் உண்டு. வைணவத்தில் சரணாகதி பெரும் தத்துவம். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) வைணவக் குடும்பத்திற் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். பிள்ளைப் பருவத்தில் ஊறிய அந்தச் சரணாகதியின் மொழியை அவர் விட்டுவிடவில்லை. 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தில் இடையிடையே வரும் இசைப்பாடல்களுக்கு அவர் இட்ட பெயர் தேவாரம். எமது மண்டபத்திற் பாடிய சைவப் பிள்ளைகளுக்கு இப்பாடல்களின் தெய்வம் வேறாக இருந்திருக்கலாம். மொழி வேறாக இருக்கவில்லை. மாலையில் வீட்டில் விளக்கேற்றித் தேவாரம் பாடிய அதே நாவுக்கு, காலையில் பாடிய கீர்த்தனையின் பணிவு அந்நியமாகப் படவில்லை.

இதை எழுதும்போது, இப்பாடல்கள் மதமாற்றத்தின் கருவியாகவும் இருந்தன என்பதை மறைக்கக்கூடாது. பேர்சிவல் ஐயரோடு வேதாகமத் தமிழாக்கத்திற் பணியாற்றிய ஆறுமுகநாவலர், அவரை விட்டு நீங்கி 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது இதனாலேயே. 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி பெண்களுக்காகத் தொடங்கப்பட்டதும், தமது பிள்ளைகள் தமது பாடலைப் பாடிக் கற்கவேண்டும் என்ற நியாயமான விருப்பத்தாலேயே.

யாரில் தங்கியிருப்பது?

மிஷன் பாடசாலைகளின் தொடக்க காலத்தில், பிள்ளைகள் வேறொரு விதத்திலும் தங்கியிருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய கொடையாளரின் பெயர்கள் அவர்களுக்கு இடப்பட்டன. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை போன்ற பெயர்களில் அக்காலப் பெயரிடும் வழக்கத்தின் சுவடு இன்றும் நிற்கின்றது. படிப்பும் உணவும் உடையும் கொடையாளரிடமிருந்து வந்தன. வீட்டிலோ தந்தையின் சொல்லிலும், பின்னர் கணவனின் சொல்லிலும் பெண் தங்கியிருந்தாள்.

இந்த நிலையிலிருந்த ஒரு பிள்ளை கடவுளின் அன்பில் மட்டுமே நான் தங்கியிருக்கிறேன் என்று பாடும்போது, அதனுள் இன்னொரு செய்தியும் இருக்கின்றது. கொடையாளரோ மிஷனோ தந்தையோ என் இறுதித் துணை அல்லர் என்பதே அது. உடுவிலில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய எலைசா அக்னியூ அம்மையாரின் கீழ்ப் படித்த பெண்கள் ஊரூராக ஆசிரியைகளாகப் போனார்கள். அந்தத் துணிவு பாடலால் மட்டும் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். எழுத்தறிவும் அதனால் வந்த வேலையும் பெரிய காரணங்கள். ஆனால் ஒவ்வொரு காலையும் அவர்கள் பாடியது அந்தத் துணிவுக்குத் தடையாக இருக்கவில்லை என்பது நிச்சயம்.

பாடலின் பொருளை எமது சமூகம் முழுவதுமாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அன்பை அவ்வளவு உருக்கமாகப் பாடிய சாஸ்திரியார், திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டை நீக்க முயன்ற மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவர். யாழ்ப்பாணத்திலும் 1930 அளவில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்று அரசு பணித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பாட்டிலே எல்லோரும் தகுதியில்லாமல் அருளை நம்பி வந்தவர்கள். வாங்கில் இருக்கும்போது மட்டும் சிலருக்குத் தகுதி வந்துவிட்டது. தகுதி பாராத அன்பில் தங்கியிருக்கிறேன் என்று பாடுகிறவள், பக்கத்தில் இருப்பவளின் தகுதியைப் பார்க்க முடியாது. அப்பாடல்கள் கேட்ட விலை அது. அதைக் கொடுக்க எமக்கு நெடுங்காலம் சென்றது. முழுவதும் கொடுத்துவிட்டோமா என்பதை ஒவ்வொருவரும் தமது வீட்டுக் கலியாணப் பேச்சுகளை நினைத்துப் பார்த்துச் சொல்லலாம்.

நோயிலும் வீட்டுவேலையிலும் பிறந்தவை

மூன்றாவது வழியில் வந்தவை ஆங்கிலப் பாடல்கள். அவற்றை எழுதியவர்களைப் பற்றிப் படிக்கையில், வைத்தியர் என்ற முறையில் என்னைத் தடுத்து நிறுத்தியவர்கள் மூவர்.

சார்லட் எலியட் (1789–1871) முப்பது வயதளவில் நோய்வாய்ப்பட்டு, அதன்பின் வாழ்நாளில் பெரும்பகுதியை நோயாளியாகக் கழித்தவர். 1830களின் நடுப்பகுதியில், இங்கிலாந்தின் பிறைற்றன் நகரில், வசதி குறைந்த குருமாரின் பெண் பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலை கட்ட அவருடைய சகோதரர் நிதி திரட்டிக்கொண்டிருந்தார். அதற்கான விற்பனை விழாவுக்கு வீட்டார் எல்லோரும் போய்விட, எழுந்து நடமாட இயலாத சார்லட் தனியே விடப்பட்டார். எதற்கும் உதவாதவளாகிவிட்டேன் என்ற எண்ணம் அவரை வாட்டியது. அந்தத் தனிமையில் அவர் எழுதிய பாடலே, எந்தத் தகுதியும் தேடாமல் உள்ளபடியே கடவுளிடம் வரும் ஆன்மாவின் பாடலாக இன்று உலகமெங்கும் பாடப்படுகின்றது. தமிழில் நாம் அதைத் திடப்படுத்தல் ஆராதனையிலும் நற்கருணையிலும் பாடியிருக்கிறோம். ஒரு பெண்கள் பாடசாலைக்கு நிதி சேர்த்த நாளோடு அது சேர்ந்திருக்கின்றது என்பது, விற்பனை விழாக்கள் பல நடத்திய எமது சங்கத்தினருக்கு மகிழ்ச்சி தரும்.

அனி ஹோக்ஸ், அமெரிக்காவின் புறூக்ளினில் வாழ்ந்த ஓர் இல்லத்தரசி. 1872இல் ஒரு காலை, வீட்டுவேலையின் நடுவே, ஒவ்வொரு மணி நேரமும் கடவுள் தேவை என்ற பாடலை எழுதினார். துன்பத்தில் அல்ல, மகிழ்ச்சியான நாளொன்றில் எழுதினார். அவருடைய போதகர் றொபேட் லோறி அதற்கு இசையமைத்தார். அப்பாடல் ஏன் இத்தனை பேரின் கண்ணீரைத் துடைக்கின்றது என்பது அவருக்கே அப்போது விளங்கவில்லை. 1888இல் கணவரை இழந்தபின்னரே விளங்கியதென்று அவர் பின்னாளிற் கூறினார். நாமும் அப்படித்தான். பதின்மூன்று வயதிற் பாடிய பாடலின் பொருள் நாற்பதில் தெரியவருகின்றது. தடுப்பூசியைக் குழந்தைப் பருவத்திற் போடுவதற்குக் காரணம், நோய் வரும் நாளில் உடம்பு அதை முன்னரே அறிந்திருக்கவேண்டும் என்பதே.

ஸ்கொத்லாந்தின் ஜோர்ஜ் மதிசன் இளமையிலேயே பார்வையை அநேகமாக இழந்த போதகர். 1882இல், தம் சகோதரியின் திருமண நாளன்று வீட்டில் தனித்திருந்தபோது, என்னை விட்டுவிடாத அன்பே என்ற கருத்தில் ஒரு பாடலைச் சில நிமிடங்களில் எழுதினார். அதிலே மனிதன் கடவுளைப் பிடித்துக்கொள்ளும் வலிமையைப் பற்றிய பேச்சில்லை. பிடித்திருப்பது அன்பு. கை தளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிது.

எமது மண்ணிலிருந்து இவர்களோடு சேர்த்துச் சொல்லத்தக்கவர் டி. ரி. நைல்ஸ் ஐயர் (1908–1970). கிழக்காசியத் திருச்சபைகளுக்கான பாடல் நூலை 1960களின் தொடக்கத்தில் தொகுத்து, ஆசிய மெட்டுகளுக்கு அதில் இடமளித்தவர். கடவுளின் பேரன்பைப் பற்றித் தாமே பாடல்களும் எழுதியவர். உணவு கிடைக்கும் இடத்தை ஒரு பிச்சைக்காரர் இன்னொரு பிச்சைக்காரருக்குக் காட்டுவது போன்றதே நற்செய்திப் பணி என்று அவர் சொன்ன உவமை உலகப் புகழ் பெற்றது. கொடுப்பவர், வாங்குபவர் என்ற பிரிவு அதில் இல்லை. இருவரும் தங்கியிருப்பவர்களே.

போய் வருவதற்கான துணிவு

இப்போது தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு வருகிறேன். குழந்தை நலத்திலே ஜோன் போல்பி, மேரி எயின்ஸ்வேர்த் என்ற இருவரின் ஆய்வுகள் எமக்குக் கற்பிக்கப்படுகின்றன. தாயின் அன்பில் ஐயமில்லாத குழந்தை தாயின் மடியிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. அதுவே துணிந்து தூரப் போய் விளையாடுகின்றது. இடையிடையே திரும்பி வந்து தாயைத் தொட்டுவிட்டு மறுபடி போகின்றது. அன்பு நிச்சயமில்லாத குழந்தைதான் போகப் பயப்படுகின்றது. நன்றாகத் தங்கியிருக்கத் தெரிந்த பிள்ளையே நன்றாகப் புறப்படுகின்றது. சரணத்துக்குப் போய்ப் பல்லவிக்குத் திரும்பும் கீர்த்தனையும் இதையே செய்கின்றது. எமது கல்லூரி ஒன்றுக்கொன்று முரணான இரண்டைக் கற்பிக்கவில்லை.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது என் வகுப்புத் தோழியர் பலருக்கும் எனக்கும் பதின்ம வயது. மழையில், நாவற்குழிப் பாலத்தின் நெரிசலில், பாடல் நூலைத் தூக்கிச் சென்றவர்கள் மிகச் சிலர். ஆனால் பின்னர் தங்கிய ஆலயங்களிலும் பாடசாலைகளிலும் மாலை வேளையில் பாடல்கள் குறைவின்றிக் கேட்டன. அப்போது நாம் எல்லா அர்த்தத்திலும் தங்கியிருந்தோம்: பிறர் வீட்டில், பிறர் தந்த அரிசியில், நாளை என்ன என்று தெரியாத நிலையில். அந்த ஆண்டு நான் கண்டது, அன்பில் தங்கியிருக்கப் பழகியவர்கள் வாங்கியதைப் பகிர்ந்ததை. கஞ்சி வாங்கும் வரிசையில் நின்றவர்களே அடுத்த நாள் கஞ்சி காய்ச்ச நின்றார்கள்.

இன்று என்னிடம் வரும் முதியவர்களுள், மறதிநோயால் பிள்ளைகளின் பெயரையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். பாரிசவாதத்தால் பேச்சு இழந்தவர்களும் இருக்கிறார்கள். பேச்சுக்கு வராத சொற்கள் சிலவேளை பாட்டுக்கு வருகின்றன. இசையின் நினைவு மூளையின் பல பகுதிகளிற் பரந்து கிடப்பதால் இது நிகழ்கின்றது என்று மருத்துவம் சொல்கின்றது. எல்லாவற்றுக்கும் பிறரில் தங்கியிருக்கும் அந்த நிலையில், அதற்காக வெட்கப்படவேண்டியதில்லை என்று சிறுவயதிலேயே பாடிப் பழகிய ஒருவரின் முகம் வேறாக இருக்கின்றது.

ஒரு வேண்டுகோள்

கீர்த்தனை நூல்களைத் திறந்து பாருங்கள். பாடலின் மேலே இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கும்; சுரக் குறிப்பு பெரும்பாலும் இராது. மெட்டு காதால் கேட்டு வாயால் வந்தது. ஒரே கீர்த்தனையை ஓர் ஊரில் ஒருவிதமாகவும் அடுத்த ஊரில் வேறுவிதமாகவும் பாடுவார்கள். எமது மண்டபத்திற் பாடிய விதம் எமது மூத்த மாணவியரின் நினைவில் மட்டுமே இருக்கின்றது. அவர்களில் ஒருவர் மறையும்போது ஒரு மெட்டும் மறைகின்றது.

ஆகவே, எங்கிருந்தாலும், உங்கள் அருகிலுள்ள மூத்த பழைய மாணவி ஒருவரிடம் போய், காலைப் பிரார்த்தனையில் அவர் பாடிய பாடலொன்றைப் பாடச் சொல்லிக் கைத்தொலைபேசியிற் பதிவு செய்யுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, நடுவில் அடி மறந்தாலும் பரவாயில்லை. அவர் படித்த ஆண்டையும் பாட்டுச் சொல்லித்தந்த ஆசிரியையின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, பதிவைச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். நூறாவது ஆண்டில் எமது கல்லூரித் தாய்க்கு நாம் கொடுக்கக்கூடியவற்றுள் செலவு மிகக் குறைந்தது இது. காலம் தாழ்த்த முடியாததும் இதுவே.